நாலடிப் பாதையும் ஒரு தடைப் பலகையும்

ஊருக்குள் பொதுப் பாதை ஒன்றில் விபத்து நேர்ந்துவிட்டால் அடுத்த வாரமே அங்கே ஒரு பலகை முளைத்துவிடுகிறது. ‘இவ்வழியே சைக்கிள் செல்லத் தடை. மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.’ நட்டவர்கள் கடமை முடிந்ததென்று கை கழுவிவிடுகிறார்கள். நடந்து செல்வோர் சற்றே நிம்மதி அடைகிறார்கள். மிதிவண்டியில் செல்வோர் முணுமுணுக்கிறார்கள். சில நாளில் முணுமுணுப்பும் ஓய்ந்துவிடுகிறது. அந்தப் பலகையை எதிர்த்தே இதை எழுதுகிறோம். நடப்போரின் உயிரும் உடலும் நமக்குத் துச்சமானவை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அவர்களைக் காக்க அந்தப் பலகையால் இயலாது. அது வேறொருவருடைய உயிரைப் பணயம் வைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, உண்மையான குற்றவாளியை நம் கண்ணுக்கு மறைத்துவிடுகிறது. இவையே நம் வாதம்.

எந்தப் பாதைகளைச் சொல்கிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்துவோம். குமரி மாவட்டத்தில் அவை சானல் கரைகள். தஞ்சைப் பகுதியில் வாய்க்கால் கரைகள். நெல்லைச் சீமையில் குளத்தங்கரைகள். கடலோர ஊர்களில் குருசடியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் சந்துகள். நகரங்களில் பேருந்துச் சாலையை ஒட்டி ஓடும் சிமெண்ட் நடைபாதைகள். இவற்றில் பெரும்பாலானவை யாரும் திட்டமிட்டு அமைத்தவை அல்ல. கால்கள் போய்ப் போய்ப் பாதை ஆனவை. நடப்பவரும், தலையில் சுமை தூக்கியவரும், ஆடு மேய்ப்பவரும், மிதிவண்டியில் மீன் கூடை கட்டிச் செல்பவரும் தலைமுறை தலைமுறையாக அவற்றைப் பகிர்ந்து வந்துள்ளனர். எழுதாத ஒரு மரபு அங்கே இருந்தது. சுமை சுமப்பவருக்கு வெறுங்கையர் விலகுவார். முதியவருக்கு இளையவர் விலகுவார். கர்ப்பிணி வந்தால் வண்டிக்காரர் இறங்கி நிற்பார். அந்த மரபு நைந்துபோன இடத்தில்தான் இன்று பலகை நிற்கிறது.

நாம் அன்றாடம் காணும் வாய்க்கால் கரை ஒன்றுண்டு. அகலம் நாலடி. ஒரு பக்கம் நீர். மறுபக்கம் வீட்டுச் சுவர்கள். பால் வாங்கவும், கோயிலுக்கும், நியாய விலைக் கடைக்கும் முதியோர் நடப்பது அவ்வழியேதான். எட்டரை மணி ஆனதும் மேல்நிலைப் பள்ளிக்குப் பிள்ளைகள் விரைவதும் அவ்வழியேதான். சில ஆண்டுகளுக்கு முன், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், திருப்பத்தில் வந்த மாணவன் ஒருவனின் வண்டி சறுக்கி, எதிரே வந்த மூதாட்டி ஒருவர்மீது மோதிற்று. அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் அவர் தனியாக வெளியே நடமாடவில்லை. இது சிறிய இழப்பு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. உள்ளாட்சி நிர்வாகம் பலகை வைத்தது. பலகையை எவரும் மதிக்கவில்லை என்று கண்டு, இரு முனைகளிலும் இரும்புத் தூண்களை நட்டது.

விளைந்தது என்ன? தூண்களுக்கிடையே சாய்த்து நுழைய மோட்டார் சைக்கிள்காரர்கள் விரைவிலேயே கற்றுக்கொண்டனர். மாற்றுத்திறனாளி ஒருவருடைய மூன்று சக்கர வண்டிக்கு மட்டும் இடம் போதவில்லை. பள்ளிப் பிள்ளைகள் நெடுஞ்சாலைக்குத் திருப்பிவிடப்பட்டனர். மணல் லாரியும் தனியார் பேருந்தும் ஒன்றையொன்று முந்தும் அந்தச் சாலையில், வெள்ளைக் கோட்டுக்கு வெளியே மண் சரிந்து கிடக்கும் விளிம்பில், அவர்கள் இன்றும் மிதிக்கிறார்கள். மூதாட்டியைக் காக்க முளைத்த தடை சிறுமியை லாரியின் முன் நிறுத்திவிட்டது. பதிவேட்டில் இதற்கும் ‘விபத்துத் தடுப்பு நடவடிக்கை’ என்றே பெயர் இருக்கும்.

நடப்பவரின் வழக்கு

மிதிவண்டிக்காகப் பேசப் புகுந்த நாம், நடப்பவரின் வழக்கை முழுமையாகக் கேளாமல் தீர்ப்புச் சொல்வது அறமாகாது. அந்த வழக்கு வலுவானது.

சாதாரணமாக நடப்பவர் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடக்கிறார். அவசரமின்றி மிதிப்பவரே பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் வருகிறார். வேகம் மூன்று மடங்கானால் மோதலின் ஆற்றல் ஒன்பது மடங்காகிறது என்பது பள்ளி இயற்பியல். அந்த வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு நான்கு மீட்டருக்கு மேல் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு பிரேக் பிடிக்கக் கை எழும்புவதற்குள்ளேயே அந்த நான்கு மீட்டர் போய்விடும். மழையில் நனைந்த சக்கர விளிம்பில் பிரேக் கட்டை எளிதில் பற்றாது. பாதையின் அகலத்தையும் அளந்து பார்ப்போம். வண்டியின் கைப்பிடி ஏறக்குறைய இரண்டடி. நடப்பவரின் தோள் ஒன்றரை அடி. நாலடிப் பாதையில் இருவருக்கும் இடையே மிஞ்சுவது அரையடி. அந்த அரையடிக்குள் ஒரு கைப்பையோ, ஓடும் குழந்தையோ, முதுமையின் தள்ளாட்டமோ குறுக்கிட்டால் விபத்து உறுதி.

எண்களில் அடங்காத இழப்பும் உண்டு. பின்னாலிருந்து ஓசையின்றி வரும் வண்டி, செவி மங்கியவருக்கு ஓயாத அச்சம். ஒருமுறை உரசிச் சென்றாலே போதும். அவர் அடுத்த நாள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவார். வழிபாட்டுக்கும், உறவினர் வீட்டுக்கும், கடைத்தெருவுக்கும் போகாமல் ஒரு மனிதர் மெல்ல மெல்லச் சிறைப்படுவதை எந்த விபத்துக் கணக்கும் காட்டாது. ஆகவே, ‘சைக்கிள்தானே, இடித்தால் என்ன ஆகிவிடும்’ என்று சிரிப்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை.

சப்பான் நாட்டில் நிகழ்ந்த ஒன்றை இங்கே நினைவூட்டுவது தகும். 2008ஆம் ஆண்டு, கோபே நகரில், இரவு வேளையில் மிதிவண்டியில் சரிவிறங்கி வந்த 11 வயதுச் சிறுவன் நடந்து சென்ற ஒரு பெண்மணிமீது மோதினான். அவர் நினைவு திரும்பாத நிலைக்குள்ளானார். 2013இல் அந்நகர மாவட்ட நீதிமன்றம், பிள்ளைக்குப் போதிய அளவில் நெறிப்படுத்திக் கற்பிக்கவில்லை என்று கூறி, ஏறக்குறைய ஒன்பதரைக் கோடி யென் இழப்பீடு செலுத்துமாறு தாய்க்கு ஆணையிட்டது. அந்தத் தாய்க்காக மனம் வருந்தலாம். ஆயினும் அத்தீர்ப்பின் அடிப்படை நம் ஊருக்கும் பொருந்தும்: பிள்ளைக்கு வண்டி வாங்கிக் கொடுப்பதோடு பெற்றோரின் பொறுப்பு முடிவதில்லை. அதே ஆண்டுகளில் அங்கே மற்றொன்றும் நடந்தது. கோபே அமைந்துள்ள ஹியோகோ மாநிலம் 2015இல் மிதிவண்டி ஓட்டுவோருக்குக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. வண்டியைத் தடை செய்யாமல், ஓட்டுபவரின் பொறுப்பை உயர்த்தும் வழியை அது தேர்ந்துகொண்டது.

தடையின் வழக்கு

‘இறங்கி உருட்டிக்கொண்டு போனால் என்ன குறைந்துவிடும்?’ என்று கேட்பார்கள். ஐம்பது அடி தூரச் சந்தாக இருந்தால் இது நியாயமே. இரண்டு கிலோமீட்டர்க் கரையாக இருந்தால்? உருட்டச் சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வண்டியில் அமர்ந்து செல்பவர் இரண்டடி இடத்தை எடுத்துக்கொள்கிறார். உருட்டிச் செல்பவரோ வண்டிக்கு இரண்டடி, தமக்கு ஒன்றரை அடி என்று மூன்றரை அடியை அடைத்துக்கொள்கிறார். எதிரே வருபவர் வாய்க்காலில்தான் நிற்க வேண்டும். கூட்டமுள்ள நேரத்திலும் குறுகிய திருப்பத்திலும் இறங்குவது கடமை. முழுப் பாதைக்கும் அதையே விதியாக்குவது, விதி செய்தவர் அப்பாதையில் ஒருநாளும் நடந்ததில்லை என்பதற்குச் சான்று.

‘பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு கிடையாது, தடைதான் மருந்து’ என்பார் சிலர். கட்டுப்பாடற்ற பிள்ளை பலகையைக் கண்டதும் திருந்திவிடுவானா? பலகைக்குக் கீழ்ப்படிபவன் முன்பே கவனமாக ஓட்டியவன்தான். மீறுபவன் முன்னைவிட வேகமாகப் போவான். எவரும் பிடித்துவிடுமுன் கடந்துவிட வேண்டுமே! இவ்வாறு தடையானது ஒழுங்குள்ளவரை வெளியேற்றி, ஒழுங்கற்றவரை மட்டும் பாதையில் விட்டுவைக்கிறது.

இதைவிடப் பெரிய முரண் ஒன்று உண்டு. தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டம் 2001இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியரோடு தொடங்கி, 2005இல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிந்தது. அதற்கும் முன்பே, 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் கற்பித்தது. ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் கேலியையும் கிண்டலையும் பொறுத்துக்கொண்டு மிதிக்கக் கற்றனர். தண்ணீருக்கும், கல் குவாரிக்கும், சந்தைக்கும், மருத்துவமனைக்கும் பிறரை எதிர்பாராமல் செல்லும் விடுதலையை அவர்கள் இரண்டு சக்கரங்களில் பெற்றனர். ஒரு கையால் வண்டியைக் கொடுத்து, மறு கையால் அது செல்லும் வழியில் தூணை நடுவது எவ்வகை நீதி?

இது சிற்றூர்களோடு நிற்கும் நோயுமன்று. 2013இல் கொல்கத்தாவில் 174 சாலைகளில் மிதிவண்டிக்குத் தடை விதிக்கப்பட்டது. வேக வாகனங்களுக்கு மெதுவான வண்டிகள் இடையூறு என்பதே சொல்லப்பட்ட காரணம். பால்காரரும், செய்தித்தாள் போடுபவரும், தச்சரும் தெருவில் இறங்கிப் போராட நேர்ந்தது. சாலையில் போனால் ‘போக்குவரத்துக்கு இடையூறு’. பாதையில் ஏறினால் ‘நடப்போருக்கு இடையூறு’. அப்படியானால் மிதிவண்டிக்காரர் எங்கேதான் செல்வது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய வீடுகளில் நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பத்தைந்தில் மிதிவண்டி இருந்தது. இத்தனை குடும்பங்களின் ஊர்தியை இடையூறு என்ற ஒரே சொல்லுக்குள் தள்ளிவிட முடியுமா?

அகலம் எங்கே போயிற்று?

இங்கேதான் நம் வாதத்தின் மையத்துக்கு வருகிறோம். நாலடிப் பாதையில் நடப்பவரும் மிதிப்பவரும் சண்டையிடுகிறார்கள். பாதை ஏன் நாலடியாயிற்று என்று இருவரும் கேட்பதில்லை.

இந்தியச் சாலைப் பேராயம் 2012இல் வெளியிட்ட நெறிமுறைகள், நடைபாதையில் தடையேதுமின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது ஏறக்குறைய ஆறடி, இருக்க வேண்டும் என்கின்றன. நம் ஊரில் அந்த ஆறடியைத் தேடிப் பாருங்கள். மின்வாரியப் பெட்டி ஓரடியைத் தின்றிருக்கும். கடைக்காரரின் படிக்கட்டு ஒன்றரை அடியைத் தின்றிருக்கும். திருவிழாப் பந்தலுக்கும் கட்சிக் கொடிக்கும் தோண்டிய குழிகள் மூடப்படாமல் கிடக்கும். மிச்சத்தில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். அருகே ஒரு கார் பாதி சாலையிலும் பாதி நடைபாதையிலும் சாய்ந்து நிற்கும். மோட்டார் வாகனத்தை நடைபாதையில் ஓட்டக்கூடாது என்று 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளும், அவற்றுக்குப் பதிலாக 2017இல் வந்த விதிகளும் தெளிவாகவே கூறுகின்றன. ஆயினும் ‘மோட்டார் சைக்கிள் ஏறத் தடை’ என்ற பலகையை எத்தனை நடைபாதைகளில் கண்டிருக்கிறோம்?

நம் ஆலய வாசல்களையும் விட்டுவிடலாகாது. ஞாயிறு காலையில் திருப்பலிக்கு வரும் கார்கள் கோயில் முன்னுள்ள பாதையை அடைத்து நிற்கின்றன. ஊன்றுகோலோடு நடந்துவரும் முதியவர் நடுச்சாலையில் இறங்கித்தான் கோயிலுக்குள் வர வேண்டியிருக்கிறது. உள்ளே பிறரன்பைப் பற்றிய மறையுரை நடந்துகொண்டிருக்கும்.

2022ஆம் ஆண்டில் நாடெங்கும் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் நடந்து சென்றோர் 32,825 பேர். மிதிவண்டியில் சென்றோர் ஏறக்குறைய 4,800 பேர். இந்த இரு சாராரையும் மிகப் பெரும்பாலும் கொன்றவை மோட்டார் வாகனங்களே. ஒரே கொலையாளியால் சாகும் இரண்டு பேர், ஒருவரையொருவர் குற்றம் சாட்டி வழக்காடுகிறார்கள். பலகை அந்த வழக்குக்குத் துணை நிற்கிறது. நாற்பதடிச் சாலையை வேகத்துக்குக் கொடுத்துவிட்டு, நாலடி ஓரத்தில் எளியவரை எளியவரோடு மோதவிட்டிருக்கிறோம்.

2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தத்தக்க, ஆக்கிரமிப்பற்ற நடைபாதை கிடைப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு வழங்கும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று அறிவித்தது. ஆகவே நடைபாதை, உள்ளாட்சி மன்றம் மனமிரங்கித் தரும் சலுகையாக இனி இருக்க முடியாது. நடப்பவர் தம் உரிமையைக் கேட்க வேண்டிய இடம் அந்த அலுவலகம்தான். மிதிவண்டிக்கார மாணவனை விரட்டுவதால் அது நிறைவேறப் போவதில்லை.

பிறர் கண்ட வழி

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் சாலையோர நடைமேடையில் வண்டி செலுத்துவதைத் தடுத்தது. 1888இல் மிதிவண்டியும் ஒரு வண்டியே என்று அங்கே சட்டமாயிற்று. நடப்பவரைக் கடக்குமுன் மணியோசையால் எச்சரிக்க வேண்டும் என்று அச்சட்டம் வற்புறுத்தியது. அவ்விதி 1930இல் நீங்கியது. பின்னர் 1968இல் நாட்டுப்புறச் சட்டம் ஒன்று, குதிரைகள் செல்லும் கிராமப் பாதைகளில் மிதிவண்டிக்கும் இடமளித்தது. அதற்கு விதித்த நிபந்தனை ஒன்றே: நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் மிதிப்பவர் வழிவிட வேண்டும். 2022இல் அந்நாட்டுச் சாலை நெறிநூல் இந்த எண்ணத்தை எல்லாச் சாலைகளுக்கும் விரித்தது. அதிகத் தீங்கு விளைவிக்கக் கூடியவருக்கே அதிகப் பொறுப்பு என்று வரிசைப்படுத்தி, நடப்பவரின் பாதுகாப்பை முதலில் வைத்தது.

சப்பானில் நடைமேடையில் மிதிவண்டி செல்ல 1970களிலேயே இடமளித்தார்கள். மோதல்கள் பெருகவே, 2008இல் விதியைத் திருத்தினார்கள். 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் 70 வயது நிரம்பியோரும் நடைமேடையில் மிதிக்கலாம். மற்றவர்கள் பொதுவாகச் சாலையில் செல்ல வேண்டும். மேடையில் செல்பவரும் மெதுவாகவே செல்ல வேண்டும். நடப்பவருக்கு இடையூறாகுமானால் நின்றுவிட வேண்டும். யாருக்குச் சாலை மிகவும் ஆபத்தானதோ அவரைப் பாதைக்குள் சேர்த்துக்கொண்ட அறிவு இதில் தெரிகிறது. நம் பலகையோ அத்தகைய பிள்ளைகளையே முதலில் சாலைக்குத் துரத்துகிறது.

செய்யத்தக்கவை

வெறும் எதிர்ப்போடு நிறுத்திக்கொள்வது நம் நோக்கமன்று. முதலாவதாக, வழக்கொழிந்த மரபை விதியாக்குவோம்: பொதுப் பாதையில் நடப்பவரே மூத்தவர். மிதிப்பவர் அவருக்குப் பின்னால் காத்திருக்கட்டும். மணியை ஒருமுறை மெல்ல ஒலிக்கட்டும். விலகச் சொல்லும் ஆணையாக அதை அடித்துக்கொண்டே இருக்க வேண்டாம். திருப்பத்திலும், மழை ஈரத்திலும், குழந்தைகள் விளையாடும் இடத்திலும் இறங்கிவிடட்டும். விளக்கின்றி இரவில் வருபவரைப் பாதையில் அனுமதிக்க வேண்டியதில்லை.

இரண்டாவதாக, தடை தேவைப்படும் இடத்தில் அதற்கு எல்லை வகுப்போம். வாரச்சந்தை நாளில், திருவிழா நாட்களில், அல்லது மிகக் குறுகிய ஒரு நூறு அடியில் ‘இறங்கிச் செல்க’ என்பது தகும். ஆண்டு முழுவதும், முழுப் பாதைக்கும் தடை என்பது சோம்பேறித்தனம். தூண் நட்டே ஆக வேண்டுமென்றால், மாற்றுத்திறனாளியின் வண்டி நுழைகிறதா என்று அவரையே அழைத்து அளந்து பார்த்து நடட்டும்.

மூன்றாவதாக, பெற்றோரும் பள்ளிகளும் பொறுப்பேற்க வேண்டும. வண்டி கிடைத்த நாளில் பிரேக்கும் மணியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது அரை மணி வேலை. மணி எட்டேகாலுக்குப் பிள்ளையை வீட்டிலிருந்து அனுப்பிவிட்டு, எட்டரைக்குப் பள்ளியில் இருக்க வேண்டுமென்றால் அவன் பாதையில் பறக்கத்தான் செய்வான். பத்து நிமிடம் முன்னதாக அனுப்பும் தாயும் தந்தையும் பலகையைவிட அதிக எலும்புகளைக் காப்பார்கள்.

நான்காவதாக, பாதையின் அகலத்தைத் திரும்பக் கேட்போம். கிராமசபை மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடுகிறது. நடப்பவரும் மிதிப்பவரும் ஒன்றாக அங்கே சென்று, ஆக்கிரமிப்பை அகற்றவும், கரையை அகலப்படுத்தவும், மோட்டார் வாகனம் நுழைவதைத் தடுக்கவும் தீர்மானம் கேட்கட்டும். பங்குப் பேரவைகளும் அன்பியங்களும் ஆலய முன்றிலிலிருந்து இதைத் தொடங்கலாம். நடைபாதையில் வண்டி நிறுத்துவதில்லை என்று ஒரு பங்கு முடிவெடுத்தால், அடுத்த தெருக் கடைக்காரரிடம் பேச அதற்குத் தகுதி பிறக்கும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. பலகை வைப்பதைவிடச் சற்று அதிக உழைப்பு வேண்டும், அவ்வளவே. அந்த உழைப்பைத் தவிர்க்கவே பலகைகள் பெருகுகின்றன. இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டிக்கு நீதி வேண்டும். நெடுஞ்சாலை விளிம்பில் மிதிக்கும் சிறுமிக்கும் நீதி வேண்டும். ஒருவருக்குரிய நீதியை மற்றவரிடமிருந்து பறித்துக் கொடுப்பதை நாம் ஏற்கலாகாது. இருவருக்கும் சேர்த்துக் கொடுக்கப் போதுமான நிலம் அந்தச் சாலையில் இருக்கிறது. அதன்மேல் இப்போது யார் நிற்கிறார்கள் என்று பார்ப்போம். அவர்களை நகரச் சொல்வோம்.